மரமில்லாத பூங்காவில் ஆன்டெனா: ஹாம் ரேடியோ கிளப்பின் பிரெய்ரி பயணத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள், ஒரு பூங்காவுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பது மரங்களைத்தான். நல்ல கிளையாகப் பார்த்துக் கயிற்றை எறிந்து, கம்பியை இழுத்துக் கட்டினால் ஆன்டெனா வேலை முடிந்தது. கான்சாஸ் மாநிலத்தில் இருக்கும் டால்கிராஸ் பிரெய்ரி தேசியக் காப்பகத்தில் இந்த வித்தை செல்லாது. ஓடைக்கரைகளை விட்டால் எங்கும் புல், புல்லின் மேல் காற்று, அதற்கு மேல் வானம். பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு கிளப் அங்கே போய், ஒரு பகல் முழுக்க நிலையம் நடத்திவிட்டு, புல்லுக்கும் தங்களுக்கும் சேதமில்லாமல் திரும்ப என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஹாம் உரிமம் இருப்பவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. வட அமெரிக்காவின் நடுவில் ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கரில் உயர்புல் பிரெய்ரி என்ற புல்வெளி பரந்து கிடந்தது. ஏறக்குறைய எல்லாமே உழுது வயலாகிவிட்டது. மிஞ்சியது 4 சதவீதத்துக்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி கான்சாஸின் ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியில். அங்கே மட்டும் தப்பித்ததற்குக் காரணம் மண்தான். மேலே மெல்லிய மண், அதற்கு அடியில் சுண்ணாம்புப் பாறையும் சக்கிமுக்கிக் கல்லும். ஏர் இறங்கவில்லை, அதனால் மாடு மேய்க்கும் நிலமாகவே நின்றுவிட்டது. அதில் ஏறக்குறைய 10,900 ஏக்கரை 1996 நவம்பரில் தேசியக் காப்பகமாக அறிவித்தார்கள். தேசியப் பூங்கா சேவையும் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பும் சேர்ந்து நடத்துகின்றன. 2009இல் காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஸ்ட்ராங் சிட்டி என்ற சிற்றூருக்கு வடக்கே சுமார் மூன்று கிலோமீட்டரில், 177ஆம் எண் மாநில நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது.

இந்தப் பின்னணியைத் தெரிந்துகொள்வதில் காரியமும் உண்டு. ஏர் இறங்காத மண்ணில் கூடார ஆணியும் இறங்காது. காட்டெருமை இருக்கிற மேய்ச்சல் நிலத்தில் கம்பி விரிக்க முடியாது. மரம் இல்லாததால் காற்றைத் தடுக்கவும் எதுவும் இல்லை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றிலிருந்துதான் வருகின்றன.

எதற்காகப் பூங்காவிலிருந்து பேச வேண்டும்?

பார்க்ஸ் ஆன் தி ஏர் என்று ஒரு திட்டம் இருக்கிறது. சுருக்கமாகப் போட்டா. அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவையின் நூற்றாண்டையொட்டி 2016இல் அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் ஓராண்டு நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. அந்த ஆண்டு மட்டும் பூங்காக்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்புகள் நடந்தன. ஆண்டு முடிந்தும் ஆட்களுக்கு ஆசை தீராமல் தொடர்ந்து வளர்ந்ததுதான் போட்டா. பூங்காவுக்குள் போய் நிலையம் அமைப்பவர் ஆக்டிவேட்டர். வீட்டிலிருந்தோ காரிலிருந்தோ அவரைத் தேடிப் பிடிப்பவர் ஹன்டர். பங்கேற்கும் ஒவ்வொரு பூங்காவுக்கும் ஓர் எண் உண்டு. அமெரிக்கப் பூங்காக்களின் எண்கள் 2024 முதல் 'யூஎஸ்' என்று தொடங்குகின்றன. போகிற பூங்காவின் எண்ணைப் போட்டா தளத்தில் பார்த்துப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, மைக்கின் முன்னால் ஒட்டிவிடுங்கள். களைத்துப்போன ஆள் மூன்றாவது மணி நேரத்தில் அதைத் தப்பாகச் சொல்வது நிச்சயம்.

விதிகள் எளிமையானவை. ஆளும் கருவியும் ஆன்டெனாவும் பூங்கா எல்லைக்குள் இருக்க வேண்டும். தரையில் இருக்கும் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுஒலிபரப்பு செய்யும் நிலையம்) வழியாகப் பேசினால் கணக்கில் வராது. ஒரே யூடிசி (உலகப் பொது நேரம்) நாளுக்குள் குறைந்தது 10 தொடர்புகள் கிடைத்தால்தான் அந்த ஆக்டிவேட்டருக்கு அன்றைய பயணம் செல்லும். ஒன்பதோடு நின்றுபோனாலும் ஹன்டர்களுக்கு நஷ்டமில்லை, அவர்களுக்குப் புள்ளி உண்டு.

யூடிசி நாள் என்பதைக் கவனியுங்கள். கான்சாஸில் கோடைக்காலத்தில் மாலை 7 மணிக்கும், குளிர்காலத்தில் மாலை 6 மணிக்கும் யூடிசி தேதி மாறிவிடும். ஆறரை மணிக்கு ஆறு தொடர்பு, ஏழு மணிக்குப் பிறகு ஐந்து தொடர்பு என்றால் இரண்டு நாளுக்குமே பத்து தேறாது. அதே விதியைச் சாதகமாகவும் திருப்பலாம். ஏழுக்கு முன் பத்து, ஏழுக்குப் பின் பத்து என்றால் ஒரே மாலையில் இரண்டு நாள் கணக்கு. பழைய கைகள் இதற்காகவே சாயங்காலம் போவார்கள். ஆனால் முதல் முறையாகக் கிளப்போடு போகும்போது இருட்டில் கம்பம் பிரிக்கும் வேலை வேண்டாம்.

அனுமதி, உரிமம், அழைப்புக் குறி

தனி ஆளாகக் காரில் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவது வேறு, பதினைந்து பேர் மேசை, கம்பம், பேனர் சகிதம் போய் இறங்குவது வேறு. தேசியப் பூங்கா சேவையின் கீழ் வரும் இடங்களில் குழு நிகழ்ச்சிகளுக்குச் சிறப்பு அனுமதி கேட்கும் விதிகள் உண்டு. உங்கள் கூட்டத்துக்கு அது பொருந்துமா என்று சொல்ல வேண்டியது காப்பக அலுவலகம்தான். ஒரு மாதம் முன்பாகவே எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் 'அமெச்சூர் ரேடியோ' என்று மட்டும் போட்டால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. எத்தனை பேர், எத்தனை வண்டி, கம்பம் எத்தனை மீட்டர், தரையில் எதையாவது அடிப்போமா, ஜெனரேட்டர் உண்டா, எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று வரிசையாக எழுதுங்கள். 'எதையும் தரையில் அடிக்க மாட்டோம், ஜெனரேட்டர் கிடையாது' என்ற இரண்டு வரி இருந்தால் பாதித் தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடும். கிடைத்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். அன்று பணியில் இருக்கும் ரேஞ்சர் அந்த மின்னஞ்சலைப் பார்த்திருக்க மாட்டார்.

வசந்த காலத்தில் போவதாக இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். ஃபிளின்ட் ஹில்ஸில் பழைய புல்லை வேண்டுமென்றே தீ வைத்து எரிப்பது வழக்கம். பிரெய்ரி உயிரோடு இருப்பதே அதனால்தான், இல்லாவிட்டால் புதரும் மரமும் ஏறிவிடும். எரிப்பு நடக்கும் நாளில் உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

உரிமத்தில் அமெரிக்காவில் மூன்று படிகள்: டெக்னீஷியன், ஜெனரல், எக்ஸ்ட்ரா. முதல் இரண்டுக்கும் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. எக்ஸ்ட்ராவுக்கு 50 கேள்விகள், 37 வேண்டும். மோர்ஸ் (புள்ளி-கோடு தந்திக் குறி) தேர்வை 2007லேயே எடுத்துவிட்டார்கள். அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. அங்கே வேலை விசாவில் இருக்கும் நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதில்லை. அமெரிக்காவில் ஓர் அஞ்சல் முகவரி இருந்தால் தேர்வு எழுதலாம். வெளிநாட்டு அரசின் பிரதிநிதிகளுக்கு மட்டும்தான் தடை.

டெக்னீஷியன்களுக்குக் குறும் அலைவரிசைகளில் குரலில் பேச 10 மீட்டரில் (அலைவரிசைகளை அலை நீளத்தால் அழைப்பது வழக்கம்) 28.300 முதல் 28.500 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இடம். 20 மீட்டரிலும் 40 மீட்டரிலும் பேச ஜெனரல் வேண்டும். ஜெனரலுக்குக் குரல் பகுதி 20 மீட்டரில் 14.225 முதல் 14.350 வரை, 40 மீட்டரில் 7.175 முதல் 7.300 வரை. அதற்காக டெக்னீஷியன்களையும் உரிமமே இல்லாதவர்களையும் வேடிக்கை பார்க்க வைக்க வேண்டாம். ஜெனரல் அல்லது எக்ஸ்ட்ரா உரிமம் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து நிலையத்துக்குப் பொறுப்பேற்றால், மற்றவர்கள் அவருடைய அழைப்புக் குறியில் (உரிமத்தோடு வரும் அடையாளப் பெயர்) மைக்கைப் பிடித்துப் பேசலாம். உரிமம் இல்லாதவர் பேசும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு: எதிர்முனை வேறு நாடாக இருந்தால், அமெரிக்காவுடன் மூன்றாம் நபர் ஒப்பந்தம் வைத்திருக்கும் நாடாக இருக்க வேண்டும். கனடாவும் மெக்சிகோவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஜெர்மனியும் ஜப்பானும் இல்லை. அப்படி ஒரு நிலையம் கூப்பிட்டால் பொறுப்பாளர் மைக்கை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

யாருடைய அழைப்புக் குறியில் பேசுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். ஆளாளுக்குத் தன் குறியில் பேசினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பத்து தொடர்பு தேவை. ஆறு பேர் என்றால் அறுபது. கிளப் குறியில் பேசினால் வரிசை உடையாமல் ஓடும், புதியவருக்கும் பதற்றம் குறையும். என் கருத்தில் கிளப் பயணத்துக்குக் கிளப் குறிதான் சரி. தனிக் கணக்குதான் வேண்டும் என்பவர் சாயங்காலம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தன் குறியில் அரை மணி நேரம் உட்காரட்டும்.

இடம் பிடிப்பது

முந்தைய வாரம் இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. 1881இல் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய பண்ணை வீடும், பார்வையாளர் மையமும், வாகன நிறுத்தமும் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அலுவலகம் காட்டும் இடத்தில்தான் உட்கார வேண்டும். ஆனாலும் கேட்கும்போது மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். கட்டடங்களிலிருந்து ஐம்பது மீட்டராவது தள்ளி இருந்தால் மின்சாரக் கருவிகளின் இரைச்சல் ரிசீவரில் குறையும். புல் வெட்டிய தரையாக இருந்தால் உண்ணியும் குறையும், வண்டியின் சூடான புகைக்குழாய் காய்ந்த புல்லில் படும் ஆபத்தும் இருக்காது. நடைபாதையின் குறுக்கே எந்தக் கம்பியும் போகக் கூடாது.

குன்றின் மேல் ஏறித்தான் பேச வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். அந்தக் காட்சிக்காக ஆசைப்படலாம், சிக்னலுக்காக வேண்டாம். 20, 40 மீட்டர் அலைகள் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்புபவை. சுற்றிலும் மலையோ கட்டடமோ இல்லாத அந்த நிலத்தில் வாகன நிறுத்தத்தின் ஓரமே போதுமானது.

கம்பம்: இதில்தான் நாளே இருக்கிறது

மரம் இல்லாத இடத்தில் இழுத்து நீட்டும் கண்ணாடியிழைக் கம்பம்தான் மரம். மடக்கினால் ஒரு மீட்டர் சொச்சம், இழுத்தால் 7 முதல் 10 மீட்டர் வரை வரும். பிரெய்ரிக் காற்றில் இதற்கு இரண்டு வியாதி. ஒன்று, மேலே உள்ள விரல் பருமன் பகுதிகள் வில்லாக வளைந்து கம்பியைக் கீழே கொண்டுவந்துவிடும். இரண்டு, காற்றின் அதிர்வில் இணைப்புகள் தளர்ந்து கம்பம் ஒன்றுக்குள் ஒன்று சரிந்து உட்கார்ந்துவிடும். இரண்டுக்கும் மருந்து எளிது. உச்சியில் உள்ள இரண்டு மெல்லிய பகுதிகளை இழுக்கவே இழுக்காதீர்கள், 10 மீட்டர் கம்பத்தை 8 மீட்டராகவே பயன்படுத்துங்கள். ஒவ்வோர் இணைப்பையும் சற்றே திருகி இறுக்கி, மேலே மின்சார நாடாவை மூன்று சுற்றுச் சுற்றுங்கள்.

அப்புறம் இழுகயிறு. கம்பத்தின் பாதி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளையம் வைத்து மூன்று திசையில், பலத்த காற்று என்றால் நான்கு திசையில், கயிறு இழுக்க வேண்டும். கேள்வி என்னவென்றால், கயிற்றின் மறுமுனையை எதில் கட்டுவது? தரையில் ஆணி அடிக்கப் பூங்கா அனுமதிக்காமல் இருக்கலாம். அனுமதித்தாலும் ஒரு சாண் ஆழத்தில் கல்லில் முட்டி ஆணி வளையும். எனவே ஆணி இல்லாத ஏற்பாட்டோடு போங்கள். 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று 20 கிலோ. காலியாகக் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளலாம், திரும்பும்போது ஊற்றிவிடலாம். மணல் பையும் ஆகும். எல்லாவற்றையும்விட உறுதியானது உங்கள் வண்டிதான். கார் சக்கரத்தை மேலே ஏற்றி நிறுத்தும் இரும்புத் தட்டுத் தாங்கி ஒன்று கிடைக்கிறது, கொடிக்கம்பத்துக்காகச் செய்தது. அதில் உள்ள குழாய்க்குள் கம்பத்தைச் செருகினால் இரண்டு டன் எடை அதன் காலைப் பிடித்துக்கொள்ளும். அதோடு இரண்டு கயிறு காரின் கூரைக் கம்பியிலேயே கட்டிவிடலாம். இப்படிக் கட்டிய காரின் சாவியைக் கம்பம் பிரிக்கும் வரை ஒருவர் பொறுப்பில் வையுங்கள். ஐஸ் வாங்கப் போகிறேன் என்று யாராவது வண்டியை எடுத்தால் கதை முடிந்தது.

கயிறுகளில் தலை உயரத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு நாடா கட்டுங்கள். குழந்தைகள் ஓடுவார்கள். பெரியவர்களும் கையில் காபியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

கம்பி எவ்வளவு நீளம்?

அரை அலை நீளக் கம்பிக்கு ஒரு கணக்கு உண்டு: 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் மீட்டரில் வரும். 14.25க்கு ஏறக்குறைய 10 மீட்டர், 7.2க்கு ஏறக்குறைய 20 மீட்டர். கிளப் பயணத்துக்கு நான் சொல்வது, ஒரு முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பி. 20 மீட்டர் நீளக் கம்பி, ஒரு முனையில் 49:1 டிரான்ஸ்ஃபார்மர். இது 40, 20, 15, 10 மீட்டர் அலைவரிசைகள் நான்கிலும் ஒத்திசையும், அதனால் அலைவரிசை மாற்ற யாரும் எழுந்துபோய் எதையும் திருக வேண்டாம். நடுப்பகுதியைக் கம்பத்தின் உச்சியில் கட்டி, இரு முனைகளையும் கூரைச் சரிவுபோல இறக்கினால் ஒரே கம்பம் போதும். முனைகள் தலைக்கு எட்டாத உயரத்தில் நிற்க வேண்டும். ஒலிபரப்பும்போது இந்த வகைக் கம்பியின் முனையில் மின்னழுத்தம் அதிகம், தொட்டால் சுடும்.

இரண்டாவது நிலையத்துக்கு நெட்டுக்குத்தான கால் அலை ஆன்டெனா நல்லது. 20 மீட்டருக்கு 5 மீட்டர் உயரக் கம்பி, அடியில் தரையில் விரிக்க அதே நீளத்தில் சில கம்பிகள். அந்தத் தரைக் கம்பிகள் எல்லாம் ஒரே பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். போகும்போது எண்ணி எடுத்துக்கொண்டு, வரும்போது எண்ணிச் சுருட்டுங்கள். புல்லில் விட்டுவந்த ஒரு கம்பி பின்னாளில் மாட்டின் வயிற்றுக்குள் போகும்.

இரண்டு நிலையம், ஒரு சண்டை

ஒரே நேரத்தில் இரண்டு ரேடியோ ஓடினால்தான் கூட்டத்துக்கு வேலை இருக்கும். ஆனால் ஒன்று பேசும்போது மற்றதன் காது அடைத்துப்போவது கிளப்புகளின் நிரந்தரச் சண்டை. 40 மீட்டர் ஒலிபரப்பின் இரண்டாவது ஹார்மோனிக், அதாவது இருமடங்கு அலைவெண்ணில் வரும் தேவையற்ற துணை சிக்னல், 20 மீட்டரில் வந்து விழும். மோர்ஸ் அடிப்பவர்கள் விரும்பி உட்காரும் குறைந்த திறன் அலைவெண்கள் 7.030ம் 14.060ம். முன்னதை இரண்டால் பெருக்கிப் பாருங்கள், அச்சு அசலாகப் பின்னது வரும். இரண்டு மோர்ஸ் நிலையத்தையும் அந்த இரண்டு இடத்தில் உட்கார வைத்தால் தகராறு நிச்சயம். குரலில் பேசினால் இந்தத் தொல்லை குறைவு. 7.175ன் இருமடங்கு 14.350, அதாவது 20 மீட்டர் அலைவரிசை முடியும் இடம். அதற்கு மேலே போகப் போக ஹார்மோனிக் அலைவரிசைக்கு வெளியே போய்விடுகிறது.

அதற்காகத் தொல்லை முற்றிலும் போகாது. ஆன்டெனாக்களை முடிந்த அளவு தள்ளி வையுங்கள். ஒன்றை இன்னொன்றின் முனைக்கு நேராக அமைத்தால் உதவும். அலைவரிசைக்கு ஒரு வடிகட்டி இருந்தால் ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் போடுங்கள். கிளப் பணத்தில் எதையாவது வாங்குவதாக இருந்தால் இன்னொரு ரேடியோவுக்கு முன்னால் இந்த வடிகட்டிகளை வாங்குங்கள்.

மூன்றாவதாக 10 மீட்டரில் ஒரு நிலையம் வைக்க முடிந்தால், அது டெக்னீஷியன்களுக்கே உரியது. பக்கத்தில் பொறுப்பாளர் இல்லாமல், தன் சொந்த அழைப்புக் குறியில், உலகத்தோடு பேசலாம். சூரியச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் பகல் முழுக்க அந்த அலைவரிசை திறந்திருக்கும். இப்போதைய 25ஆம் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கி, 2024இல் உச்சக் கட்டத்தை எட்டியது.

மின்சாரம்

ஜெனரேட்டர் வேண்டாம். அந்த இடத்தின் அழகே அமைதிதான், அதைக் கெடுத்துவிட்டுப் பூங்காவைக் கொண்டாடுகிறோம் என்று மைக்கில் சொல்வது நன்றாக இருக்காது. தேசியப் பூங்காக்களில் இரைச்சலுக்கு வரம்பும் உண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிதான் இப்போது எல்லோரும் எடுத்துப்போவது.

100 வாட் ரேடியோ ஒன்று கேட்கும்போது சுமார் 1 ஆம்பியர் இழுக்கும், பேசும்போது உச்சத்தில் 20 ஆம்பியருக்குப் பக்கத்தில் போகும். ஆனால் எஸ்எஸ்பி என்ற குரல் முறையில் உச்சம் கணநேரம்தான், சராசரி 8 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு பேச்சு என்றால், பேசியதற்கு 11, கேட்டதற்கு 3, மொத்தம் 14 ஆம்பியர்-மணி. 20 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று ஒரு நிலையத்துக்கு அரைநாள் தாங்கும். எஃப்டி8 போன்ற கணினி முறைகளில் கணக்கு வேறு. அதில் ஒரு 15 வினாடி விட்டு மறு 15 வினாடி முழுத் திறனில் ஒலிபரப்பும், ஏறக்குறைய பாதி நேரம் ஒலிபரப்புதான். 30 வாட்டுக்குக் குறைத்துவிடுங்கள், ரேடியோவும் சூடாகாது. எஃப்டி8க்கு இன்னொரு நிபந்தனை, கணினியின் கடிகாரம் ஒரு வினாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். இணையம் இல்லாத இடத்தில் அது நழுவும். சிறிய ஜிபிஎஸ் கருவி ஒன்றைக் கணினியில் செருகினால் சரியாகிவிடும்.

காற்றலையில் ஏறுவது

கான்சாஸ் நாட்டின் நட்டநடுவில் இருப்பது ஹாம்களுக்குப் பெரிய வசதி. பகலில் 20 மீட்டர் ஒரே தாவலில் இரு கடற்கரைகளையும் எட்டும். 40 மீட்டரில் மிசூரி, நெப்ராஸ்கா, அயோவா, ஒக்லஹோமா என்று அக்கம்பக்கம் எல்லாம் வரும். காலையில் இரண்டையும் திறந்து வைத்தாலே நாடு முழுக்க எட்டியாயிற்று.

காலியாகத் தெரியும் அலைவெண்ணில் கொஞ்ச நேரம் கேளுங்கள். பிறகு இந்த இடத்தில் யாராவது இருக்கிறீர்களா என்று கேளுங்கள், இரண்டு முறை. பதில் இல்லையென்றால் அழையுங்கள்: 'சிக்யூ, பார்க்ஸ் ஆன் தி ஏர்' (சிக்யூ என்றால் யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பு), பிறகு அழைப்புக் குறி. அதே நேரம் போட்டா தளத்தில் உங்கள் அலைவெண்ணைப் பதிந்துவிட வேண்டும். இதை ஸ்பாட் என்பார்கள். ஹன்டர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வருவார்கள். ஸ்பாட் இல்லாமல் அரை மணி நேரம் தொண்டை வறண்டவர்கள், ஸ்பாட் விழுந்த இரண்டாவது நிமிடத்தில் பத்துப் பேர் ஒன்றாகக் கத்துவதைக் கேட்பார்கள்.

கைபேசி சிக்னல் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பயணத்தை முந்தைய நாளே தளத்தில் அறிவித்துவிடுங்கள். அப்படி அறிவித்திருந்தால், மோர்ஸில் நீங்கள் சிக்யூ அழைத்ததும் தானியங்கி ரிசீவர் வலையமைப்பு அதைப் பிடித்து ஸ்பாட் போட்டுவிடும். குரலுக்கு அந்த வசதி இல்லை, ஆகவே வீட்டில் இருக்கும் கிளப் உறுப்பினர் ஒருவரிடம் நேரத்தையும் அலைவெண்ணையும் சொல்லிவையுங்கள். எதுவும் இல்லையென்றால், முதலில் பதில் சொல்லும் ஹன்டரிடமே ஸ்பாட் போடச் சொல்லிக் கேட்கலாம். சந்தோஷமாகச் செய்வார்கள்.

ஒரு தொடர்பு அரை நிமிடம்தான். அவர் குறி, சிக்னல் அறிக்கை, மாநிலம், நன்றி, 73 (ஹாம்களின் விடைபெறும் வாழ்த்து). பூங்கா எண்ணைச் சில தொடர்புகளுக்கு ஒரு முறை சொன்னால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் அழைப்புக் குறியைச் சொல்வது சட்டப்படி கட்டாயம். யாராவது 'பார்க் டு பார்க்' என்று கூப்பிட்டால் வரிசையை நிறுத்தி அவரை முதலில் எடுங்கள். அவரும் எங்கோ ஒரு பூங்காவில் பேட்டரியில் உட்கார்ந்திருக்கிறார். இது விதியல்ல, நடைமுறை மரியாதை.

ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பேர்: ஒருவர் பேச, ஒருவர் எழுத. அரை மணிக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். எழுதியவர் பேசுவார், புதிதாக ஒருவர் எழுத வருவார். எழுதும் இருக்கையில் அரை மணி இருந்தவருக்கு மைக் பயம் பாதி போயிருக்கும், குறிகளைக் காதால் பிடிக்கவும் பழகியிருக்கும். இதைக் கறாராக நடத்த ஒரு ஆள் வேண்டும். ஒவ்வொரு கிளப்பிலும் மைக்கை விடாத பெரியவர் ஒருவர் இருப்பார், அருமையான ஆபரேட்டராகவும் இருப்பார். எத்தனை தொடர்பு என்பதை வைத்து அளந்தால் அவரையே நாள் முழுக்க உட்கார வைக்கலாம். எத்தனை பேர் மைக்கைப் பிடித்தார்கள் என்று அளப்பதுதான் கிளப் பயணத்துக்குப் பொருந்தும்.

மைக்கில் காற்று விழுந்து இரைச்சலாகும், அதனால் பஞ்சு உறை போட்ட ஹெட்செட் வையுங்கள். தாள்களுக்குக் கிளிப் வேண்டும். வெயிலில் ரேடியோ திரை தெரியாது, ஓர் அட்டைப்பெட்டியை வெட்டிக் கவிழ்த்தால் தெரியும்.

இடி, எருமை, உண்ணி

சமவெளியில் உயரமான ஒரே பொருள் உங்கள் கம்பம். வசந்தத்திலும் கோடையிலும் மதியத்துக்கு மேல் இடிமேகம் வேகமாக எழும். கையடக்க ரேடியோ ஒன்றை நாள் முழுக்க 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அரசு வானிலை ஒலிபரப்பில் வைத்திருங்கள். தூரத்தில் இடி கேட்டால் பேச்சு அந்த நிமிடமே நிற்க வேண்டும். கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டு எல்லோரும் கட்டடத்துக்குள் அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள் போங்கள். கம்பத்தைக் கட்டிய காரை மட்டும் விட்டுவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை வெளியே வரக் கூடாது. கம்பத்தை இறக்கிவிட்டு வந்துவிடலாமே என்று ஒருவர் ஓடுவார். அவரைத் தடுக்க வேண்டும், அந்த நேரத்தில் தொடக் கூடாத பொருள் அதுதான். இறக்குவதாக இருந்தால் மேகம் திரளும்போதே இறக்கியிருக்க வேண்டும்.

காட்டெருமைகள் விண்ட்மில் மேய்ச்சல் நிலம் என்ற பகுதியில் இருக்கின்றன. நடைபாதை அதன் வழியாகவே போகிறது, நடந்து போய்ப் பார்க்கலாம். ஆனால் நிலையத்தை அங்கே அமைக்காதீர்கள். குறைந்தது 100 கஜம் தள்ளியே நில்லுங்கள். மந்தமாகத் தெரியும் விலங்கு மனிதனைவிட வேகமாக ஓடும். கதவுகள் எப்படி இருந்தனவோ அப்படியே விட்டு வாருங்கள்.

உண்ணியும் சிகர் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் கோடையில் அதிகம். முழுக்கால் சட்டை, அதைக் காலுறைக்குள் செருகுவது, வீட்டுக்குப் போனதும் உடம்பைச் சோதிப்பது. அழகுக்காகப் பார்த்தால் செப்டம்பர், அக்டோபர்தான் நல்ல காலம். பிக் புளூஸ்டெம் புல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து செம்பு நிறமாகும், பூச்சித் தொல்லையும் குறைந்திருக்கும்.

பிரித்து எடுத்தபின்

கடைசித் தொடர்புக்கு முன்னால் 'இன்னும் கால் மணி' என்று அறிவித்துவிடுங்கள். வரிசையில் காத்திருப்பவர்கள் அவசரப்படுவார்கள், அது நல்லதுதான். முதலில் கம்பி, பிறகு இழுகயிறு, கடைசியில் கம்பம். தரைக் கம்பிகளை எண்ணுங்கள். தோளோடு தோளாக வரிசையாக நின்று அந்த இடம் முழுக்க ஒரு முறை நடந்தால், நாடாத் துண்டு, கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டை எல்லாம் கிடைக்கும்.

பதிவேட்டை ஏடிஃப் என்ற வடிவில் ஒரே கோப்பாக்கிப் போட்டா தளத்தில் ஏற்ற வேண்டும். தேதியும் நேரமும் யூடிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். கான்சாஸ் நேரத்தில் எழுதிய மேசை ஒன்று எப்படியும் இருக்கும். கிளப் குறியில் பேசியிருந்தால் நிலையக் குறிக்கான கட்டத்தில் கிளப் குறியையும், ஆபரேட்டருக்கான கட்டத்தில் பேசியவரின் குறியையும் நிரப்புங்கள். பார்க் டு பார்க் தொடர்புகளில் எதிர்முனையின் பூங்கா எண்ணும் சேர வேண்டும். ஹன்டர்கள் தனியாக எதையும் ஏற்றுவதில்லை, நீங்கள் ஏற்றினால்தான் அவர்கள் கணக்கில் வரும். அதனால் அன்று இரவே, முடியாவிட்டால் மறுநாளாவது ஏற்றிவிடுங்கள்.

காப்பக அலுவலகத்துக்கும் அதே வாரத்தில் ஒரு சிறு கடிதம் அனுப்புங்கள்: எத்தனை பேர் வந்தோம், எத்தனை மாநிலங்களோடு பேசினோம், நின்றுபோய்க் கேள்வி கேட்ட பார்வையாளர்கள் எத்தனை பேர், கூடவே பிரித்தெடுத்த பிறகு எடுத்த காலித் தரையின் படம் ஒன்று. அடுத்த வருட விண்ணப்பத்தோடு அந்தப் படத்தையே முதல் பக்கமாக இணைக்கலாம்.